15 வருடத்தை நெருங்கும் டீசல் பிக்கப்: கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

தம்பி, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 2011-ல் நீங்களே புதிதாக எடுத்த டீசல் பிக்கப். அலங்காநல்லூர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தேங்காயும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிக்கும் பரவைக்கும் ஓடுகிறது. மாதம் சுமார் 1,500 கிலோமீட்டர், இதுவரை 2.5 லட்சம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை வருகிறது, ஏற்றத்தில் இழுவை குறைந்திருக்கிறது, கிளட்ச் கனமாக இருக்கிறது. 2026-ல் 15 வருடம் முடிகிறது. எக்ஸ்சேஞ்சில் ஒன்றரை லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுத்துவிட்டுப் புதிது எடுப்பதா, அல்லது என்ஜின் வேலை பார்த்து ஓட்டுவதா என்று கேட்கிறீர்கள்.

ஒன்றரை லட்சத்துக்கு இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அதற்காக அவசரப்பட்டு என்ஜினையும் இறக்காதீர்கள். முதலில் வண்டிக்கு அடியில் படுத்து சேஸை, அதாவது வண்டி முழுவதையும் தாங்கும் இரும்பு அடிச்சட்டத்தைப் பாருங்கள். சேஸ் நன்றாக இருந்தால் இன்னும் ஐந்தாறு வருடம் தைரியமாக ஓட்டலாம், அதற்கான செலவைச் செய்யலாம். சேஸ் போயிருந்தால் என்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வண்டியில் இனி ஒரு ரூபாயும் போடாதீர்கள். இதைத் தலைகீழாகச் செய்து நானே நஷ்டப்பட்டவன் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

எனக்கு ஊர் வாடிப்பட்டி. அப்பா காலத்திலிருந்து தேங்காயும் வாழையும்தான் வியாபாரம். 1998-ல் முதல் டீசல் பிக்கப்பைப் புதிதாக எடுத்தேன். 11 வருடம் நானே ஓட்டினேன். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு எத்தனை தடவை இறங்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை. 2009-ல் புகை தள்ள ஆரம்பித்தது. என்ஜின் முடிந்துவிட்டது என்றார்கள். செலவுக்குப் பயந்து, வந்த விலைக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு, ஐந்து வருடம் ஓடிய வேறொரு வண்டியை வாங்கினேன். பெயிண்ட் பளபளவென்று இருந்தது, என்ஜின் சத்தமும் சுத்தமாக இருந்தது. மூன்றாம் மாதம் நத்தம் ரோட்டில் லோடோடு வரும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பட்டறையில் தூக்கிப் பார்த்தால், கேபினுக்குப் பின்னால் சேஸில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. பழைய வெல்டிங்கின் மேல் பட்டி பூசி, கறுப்புப் பெயிண்ட் அடித்து மறைத்து விற்றிருந்தார்கள். இரண்டு வருடத்தில் மூன்று தடவை வெல்டிங் வைத்தேன். நாலாவது தடவை வேண்டாம் என்று விட்டுவிட்டு, 2011-ல் கடன் வாங்கிப் புதிது எடுத்தேன்.

அந்த இரண்டு வருடத்துக்கு நடுவில் ஒருநாள் விடியற்காலையில், திண்டுக்கல் ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் என் பழைய வண்டி நின்றது. நம்பரைப் பார்த்ததும் இறங்கிப் போய்ப் பேசினேன். வாங்கியவர் என்ஜினை இறக்கி ரிங், பேரிங், ஹெட் வேலை மட்டும் பார்த்திருக்கிறார். "சேஸ் கல்லு மாதிரி இருக்குண்ணே, எங்கேயும் ஒரு புள்ளி துரு இல்ல. நல்லா வச்சிருந்தீங்க" என்றார். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் மனசு கனத்துப் போனது. 11 வருடம் ஓவர்லோடு ஏற்றாமல், உப்புத் தண்ணீர் படாமல் நான் காப்பாற்றிய சேஸுக்கு எனக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. அதன் பலன் முழுவதும் அவருக்குப் போனது.

புதிதாக எடுத்து வைத்து ஓட்டும் வண்டியின் விசேஷமே இதுதான். எந்த ஆயிலை எப்போது ஊற்றினோம், எந்தக் குழியில் அடி வாங்கியது, எந்த வருடம் ரேடியேட்டர் அடைத்தது, அதிகபட்சம் எவ்வளவு ஏற்றினோம், எல்லாம் உங்களுக்குத் தெரியும். வாங்க வருகிற புரோக்கருக்கு அது தெரியாது, சொன்னாலும் நம்பமாட்டார். மாடல் வருடம், டயர், பெயிண்ட், எஃப்.சி. (தகுதிச் சான்று) எத்தனை மாதம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் விலை சொல்வார். நீங்கள் ஒழுங்காக வைத்திருந்த வண்டிக்கும், பக்கத்து ஊரில் இரண்டு மடங்கு லோடு அடித்து நொறுக்கிய அதே வருட வண்டிக்கும் ஏறத்தாழ ஒரே விலைதான் வரும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்திருந்ததன் பலனைத் தொடர்ந்து ஓட்டினால்தான் எடுக்க முடியும், விற்றால் அது வாங்குகிறவருக்குப் போய்விடும். ஒழுங்காகப் பார்க்காமல் ஓட்டியிருந்தால் கணக்கு அப்படியே மாறும். அப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு சீக்கிரம் கைமாற்றுகிறோமோ அவ்வளவு நல்லது. உங்கள் வண்டி இதில் எது என்பதை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது.

சேஸை எப்படிப் பார்ப்பது? வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள், காய்ந்த பிறகு, வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில் டார்ச், ஒரு சின்னச் சுத்தி, பழைய ஸ்குரூடிரைவர் மூன்றையும் எடுத்துக்கொண்டு அடியில் போங்கள். முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு பக்கமும் கைச்சாண் இடைவெளியில் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். அரித்த இடம் பொத்தென்று சொல்லும், அங்கே ஸ்குரூடிரைவரை அழுத்தினால் செதில் செதிலாக உதிரும். மேலாக இருக்கும் செம்புள்ளித் துருவுக்குப் பயப்பட வேண்டாம், சுரண்டி பிரைமர் அடித்தால் போதும். அடுக்கடுக்காக உப்பி நிற்கும் துருதான் ஆபத்து.

முக்கியமான இடங்கள் சில இருக்கின்றன. பின் கமான் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்கை) தாங்கும் ஹேங்கர் சேஸோடு சேருமிடம். கேபின் முடிந்து லோடு பாடி ஆரம்பிக்கும் இடம், ஏனென்றால் லோடு வண்டியில் சேஸ் வளைய முயல்வது அங்கேதான். குறுக்குச் சட்டங்கள் ரிவிட் ஆகும் இடங்கள். ஸ்டியரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடம். பேட்டரி ட்ரேக்குக் கீழே, ஆசிட் சொட்டிய தடம். அப்புறம், லோடு பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் இருக்கும் கட்டை அல்லது ரப்பர் உட்கார்ந்திருக்கும் மேல்பகுதி. கடைசியாகச் சொன்ன இடத்தை யாரும் பார்ப்பதில்லை. அழுகிய காய்கறித் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி அங்கேதான் தங்கும். நம் பக்கத்து வண்டிகளில் யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றியிருப்பார்கள், தை மாதம் ஜல்லிக்கட்டுக் காளையை ஏற்றிப் போயிருப்பார்கள். உரத்தூளும் மாட்டு மூத்திரமும் இரும்பைத் தின்பது போல வேறு எதுவும் தின்னாது, ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டிகளில் சொட்டும் உப்பு ஐஸ் தண்ணீரைத் தவிர. எது ஏற்றினாலும் அன்று ராத்திரியே நல்ல தண்ணீரில் கழுவிவிடுவது என்ற ஒரு பழக்கம் போதும், பத்து வருடம் கூடுதலாகக் கிடைக்கும்.

இதில் ஒரு தவறைப் பலர் நல்லது என்று நினைத்துச் செய்கிறார்கள். கழுவி முடித்ததும் பழைய என்ஜின் ஆயிலை அடியில் ஸ்பிரே அடிப்பார்கள். இரும்புக்கு ஓரளவு நல்லதுதான். ஆனால் பட்டை புஷ், பாடி ரப்பர், பிரேக் ஹோஸ் எல்லாவற்றிலும் பட்டு ரப்பரை ஊற வைத்துக் கெடுத்துவிடும். போதாததற்கு அந்த ஆயிலில் மண் ஒட்டிக் கெட்டியாகும், அதற்குள் ஈரம் நிற்கும். சேஸுக்கு பெயிண்ட் அல்லது அதற்கென்றே விற்கும் அண்டர்பாடி கோட்டிங்தான் சரி. அதையும் துருவைச் சுரண்டி எடுத்த பிறகுதான் அடிக்க வேண்டும்.

வெடிப்பு இருந்தால் அது எங்கே என்பதுதான் கேள்வி. சேஸின் நிமிர்ந்த பக்கவாட்டில் போல்ட் ஓட்டையைச் சுற்றிச் சிறியதாக இருந்தால், அனுபவம் உள்ளவர் வெடிப்பின் நுனியில் ஓட்டை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, வெல்டிங் வைத்து, உள்பக்கம் தகடு கொடுத்துச் சரி செய்யலாம். மேல் மடிப்பிலோ கீழ் மடிப்பிலோ குறுக்காக வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள். லோடின் முழு இழுவையும் அந்த மடிப்பில்தான் வருகிறது. அங்கே குறுக்கே வைத்த வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். எனக்கு மூன்று தடவை நடந்தது அதுதான். வெல்டிங் எங்கே வைத்தாலும் பேட்டரி டெர்மினல் இரண்டையும் கழற்றிவிட்டு வையுங்கள். காமன் ரெயில் (டீசலைக் கம்ப்யூட்டர் அளந்து அதிக அழுத்தத்தில் அனுப்பும்) வண்டியாக இருந்தால் ஈ.சி.எம். என்ற என்ஜின் கம்ப்யூட்டரின் இணைப்பையும் பிடுங்கிவிட வேண்டும். அரை மணி நேர வெல்டிங்கில் ஆல்டர்னேட்டர் டயோடும் ஈ.சி.எம்.மும் போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்ட்ரா பட்டை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் புது வண்டி எடுத்த முதல் மாதமே பின்னால் ஒன்று இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டுவிடுகிறார்கள். வண்டி உட்காராமல் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து, பலம் கூடிவிட்டது என்று நினைக்கிறோம். பட்டைக்கு மட்டும்தான் பலம் கூடியிருக்கிறது. முன்பு வளைந்து கொடுத்து அடியை வாங்கிய பட்டை இப்போது வளையாமல் அதைச் சேஸுக்கு அனுப்புகிறது, பின் ஆக்சில் ஹவுசிங்குக்கும் வீல் பேரிங்குக்கும் அனுப்புகிறது. அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய், சேஸில் இருக்கும் ஒரு வால்வோடு சேரும். லோடு ஏறி வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதைப் பொறுத்துப் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடுவது என்று அந்த வால்வு தீர்மானிக்கிறது. எக்ஸ்ட்ரா பட்டை போட்டால் லோடு இருந்தும் வண்டி தாழாது. காலி வண்டி என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதிக லோடு, குறைந்த பிரேக், எல்லாம் முன் டிஸ்க் மேல் வந்து விழும். லோடில் பிரேக் பிடித்தால் நிற்கமாட்டேன் என்கிறது என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பிரேக் பேடை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள், அந்தக் கம்பியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் வண்டியில் பட்டை கூட்டியிருந்தால் அந்தக் கம்பியின் அளவைக் கம்பெனி மேனுவலில் உள்ளபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். கூட்டியதைக் கழற்றிவிட்டு, ஆர்.சி.யில் இருக்கும் எடைக்குள் ஏற்றினால் இன்னும் நல்லது.

சரி, சேஸ் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி என்ஜினுக்கு வருவோம்.

காலையில் மட்டும் நீலப்புகை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "மட்டும்" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆனால் ராத்திரி நின்ற வண்டி காலையில் இரண்டு மூன்று நிமிடம் புகைந்துவிட்டு அப்புறம் சுத்தமாக ஓடினால், பெரும்பாலும் அது வால்வு சீல். சீல் இறுகிப் போய், ராத்திரி முழுவதும் ஹெட்டிலிருந்து துளித்துளியாக ஆயில் கீழே இறங்கியிருக்கும். அதற்கு முழு என்ஜின் வேலை தேவையே இல்லை. பிஸ்டன் ரிங் போயிருந்தால் நாள் முழுவதும், குறிப்பாக ஏற்றத்தில், புகை நிற்காது. சந்தேகமாக இருந்தால் வண்டி சூடான பிறகு ஐடிலில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியைத் தளர்த்தி அப்படியே வைத்தால் லேசாக ஆடினால் பரவாயில்லை, புகையோடு குப்குப்பென்று தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அதன் பிறகும் கம்ப்ரஷன் கேஜ் போட்டு நான்கு சிலிண்டரையும் அளந்து, எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதை முக்கியமாகப் பாருங்கள். அளக்காமல், சத்தத்தைக் கேட்டுவிட்டு மட்டும் என்ஜினை இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். 2009-ல் என் வண்டியை யாருமே அளக்கவில்லை, அளக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

இழுவை குறைவுக்கு ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போவிலிருந்து இன்டேக் போகும் ஹோஸில் ஓட்டை, கிளட்ச் வழுக்கல் என்ற வரிசையில் பாருங்கள். கிளட்ச் கனமாக இருக்கிறது என்று சொன்னதால் எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். சிட்டம்பட்டி டோலைத் தாண்டி ஏதாவது ஏற்றத்தில் லோடோடு நான்காவது கியரில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் அதில் பெரிது.

பம்ப் விஷயத்தில் பழைய வண்டிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1988-ல் வந்த டாடாமொபைல் வழிவந்த டாடா 207 போன்ற பழைய வண்டிகளில் டீசலை அளந்து அனுப்புவது முழுக்க மெக்கானிக்கல் பம்ப். பழைய மெக்கானிக்குகள் இன்றைக்கும் மைக்கோ பம்ப் என்றுதான் சொல்வார்கள், அந்தக் கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டாலும். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கும். கொஞ்சம் தேய்ந்தாலும் புகையோடு வீடு வந்து சேர்க்கும், டெஸ்ட் பெஞ்சில் வைத்துத் திருத்திவிடலாம். 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், பிறகு வந்த மற்ற காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல். புகை குறைவு, இழுவை அதிகம், சத்தமும் இல்லை. ஆனால் டீசலில் ஒரு துளித் தண்ணீர் போனாலும் இன்ஜெக்டர் தாங்காது. உங்களுடையது காமன் ரெயிலாக இருந்தால், நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரே அளவு பாட்டில் மாட்டி, ஒரே நேரம் ஓடவிட்டு அளக்கச் சொல்லுங்கள். எந்தப் பாட்டிலில் அதிகம் நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர்தான் கெட்டது, நான்கையும் மாற்ற வேண்டியதில்லை. எந்த வகையாக இருந்தாலும் ஃபில்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீர் வடிகட்டியை 15 நாளுக்கு ஒருமுறை திறந்துவிடுங்கள். ராத்திரி டேங்க்கைக் காலியாக நிறுத்தாதீர்கள், காலி இடத்தில்தான் ஈரம் தங்கும்.

ரேடியேட்டருக்கு நம் பக்கத்து போர் தண்ணீர் எமன். பட்டறையில் பக்கெட்டில் எடுத்து ஊற்றும் தண்ணீரில் இருக்கும் உப்பு, ரேடியேட்டர் குழாயிலும் என்ஜின் பிளாக்கிலும் வெள்ளைப் படலமாகப் படிந்து, இரண்டே கோடையில் சூடு ஏறத் தொடங்கும். சூடு ஏறினால் ஹெட் கேஸ்கெட், அப்புறம் ஹெட்டே வளையும். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள், கம்பெனி சொன்ன காலத்தில் முழுதாக மாற்றுங்கள். அவசரத்துக்கு ஊற்ற வண்டியிலேயே ஒரு கேன் இருக்கட்டும். 2019-ல் என் வண்டிக்கு 85,000 ரூபாயில் முழு என்ஜின் வேலை பார்த்தேன். பிளாக்கைத் திறந்தபோது லைனரின் வெளிப்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது. எட்டு வருடத்தில் சுமார் மூன்று வருடம் நான் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியதன் பலன் அது. வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டைமிங் பெல்ட் உள்ள என்ஜினாக இருந்தால் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலையில் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் (தேயும் மேல் ரப்பர்) இருக்கிறதே என்று பழைய டயரில் மதுரை வெயிலில் லோடு ஏற்றாதீர்கள். ஏற்றம் ஏறி வந்ததும் டர்போ வண்டியை ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

பணக் கணக்கு பார்ப்போம். புது பிக்கப் ஆன்ரோட்டில் 10 லட்சத்தை ஒட்டி வரும். எக்ஸ்சேஞ்ச் ஒன்றரை லட்சத்தோடு கையிலிருந்து 50,000 போட்டால் கடன் 8 லட்சம். 10.5 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் டியூ மாதம் சுமார் 17,200. வருடத்துக்கு 2 லட்சத்துக்கு மேல், ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 2.3 லட்சம். புதிது டீசல் மிச்சம் பண்ணும் என்பார்கள். லிட்டருக்கு 11 கொடுக்கும் உங்கள் வண்டிக்குப் பதில் 13 கொடுக்கும் வண்டி என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மிச்சம் 21 லிட்டர்தான், 93 ரூபாய் கணக்கில் 2,000 ரூபாய்கூட இல்லை. என் நோட்டில் கடந்த ஐந்து வருடத்தில் டயர், பேட்டரி, எஃப்.சி. வேலை எல்லாம் சேர்த்துப் பழைய வண்டிக்கு வருடம் 55,000-க்கும் 80,000-க்கும் நடுவில் ஆகியிருக்கிறது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எடையைப் பொறுத்தது, பழசுக்கும் புதிதுக்கும் ஒன்றுதான்.

இந்தக் கணக்கு உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்துவது. மாதம் 5,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இதே பதிலை நான் சொல்லமாட்டேன். அவருக்கு டீசல் மிச்சமே மாதம் 6,500-ஐத் தொடும், வண்டி ஒருநாள் நின்றால் நஷ்டமும் பெரிது. கோயம்பேடு, கொச்சி என்று ராத்திரி ஓட்டம் ஓடுகிறவரும் புதிதுதான் எடுக்க வேண்டும், நடுவழியில் நின்றால் அழுகுகிற சரக்கு என்ன ஆகும்? ஆனால் உங்களுடையது தோட்டத்திலிருந்து சந்தைக்கு 20, 25 கிலோமீட்டர் ஓட்டம். அதில் இன்னொரு விஷயமும் உண்டு. பி.எஸ்.-6 என்ற புது மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் பல டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் இருக்கிறது. அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்ய வண்டி நல்ல சூட்டில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். குட்டை ஓட்டம் மட்டுமே ஓடினால் அடைக்கும். புதிது எடுத்தால் வாரம் ஒருமுறையாவது நாலுவழிச் சாலையில் நீளமாக ஓட்டும் வேலை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. புதிதின் விலை இறங்கினால் பழசின் விலையும் கூடவே இறங்கும், அதையும் சேர்த்துத்தான் ஒன்றரை லட்சம் என்கிறார்கள்.

15 வருடம் முடிந்தால் வண்டி ஓடவே கூடாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 10 வருட டீசல் கட்டுப்பாடு டெல்லி தலைநகர்ப் பகுதிக்கானது. 2023 ஏப்ரலில் 15 வருடம் தாண்டியதால் பதிவு ரத்தானவை அரசாங்க வண்டிகள். நம் வண்டி எஃப்.சி. தேறும் வரை ஓடலாம். எட்டு வருடம் தாண்டியதால் எப்படியும் வருடா வருடம் எஃப்.சி. காட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். 15 தாண்டியபின் கட்டணம்தான் ஏறும். 2022 ஏப்ரலில் அதைப் பல மடங்கு உயர்த்தினார்கள், அதன் பிறகும் மாற்றங்கள் வந்திருக்கின்றன. அதனால் கட்டுவதற்கு முன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள், புரோக்கர் சொல்லும் தொகையை நம்பாதீர்கள். பசுமை வரியும் பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும். தேதி தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் கூடுதல், அதைவிடப் பெரிய ஆபத்து எஃப்.சி. இல்லாத நாளில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம். இன்னொன்று, 2011-ல் கடனில் எடுத்திருந்தால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். டியூ முடித்துப் பல வருடம் ஆகியும் அதை நீக்காமல் வைத்திருப்பவர்கள் நிறைய. எக்ஸ்சேஞ்சுக்கோ விற்பனைக்கோ போகும் நாளில்தான் அது குறுக்கே நிற்கும், அதற்குள் அந்த ஃபைனான்ஸ் ஆபீஸே இடம் மாறியிருக்கும்.

எஃப்.சி.க்கு முன்பு பெயிண்ட் அடிக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். டிங்கர் வேலைக்கு லோடு பாடியை எப்படியும் தளர்த்துவார்கள். நாலு போல்ட் கூடக் கழற்றிப் பாடியை முழுதாகத் தூக்கச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடும். சேஸின் மேல்பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரியும் ஒரே சந்தர்ப்பம் அதுதான். மேலே சொன்ன தட்டிப் பார்க்கும் வேலையை அன்றைக்கே மேல்பக்கமும் செய்துவிடலாம், துருவைச் சுரண்டி பிரைமர் அடித்து, கட்டையை மாற்றி, பாடியைத் திரும்ப இறக்கலாம்.

எக்ஸ்சேஞ்ச்காரரிடம் இன்னும் பத்து நாள் டைம் கேளுங்கள், கொடுப்பார்கள். அதற்குள் அடியில் தட்டிப் பார்ப்பது, கம்ப்ரஷன் அளப்பது, ஏற்றத்தில் கிளட்ச் பார்ப்பது மூன்றையும் முடித்துவிடுங்கள். பின் ஹேங்கர் இரண்டையும், கேபினுக்குப் பின்னால் சேஸின் மேல் கீழ் மடிப்புகளையும் வெயிலில் நாலு படம் எடுத்து, நான்கு சிலிண்டரின் எண்களோடு எனக்கு அனுப்புங்கள். பட்டை எத்தனை கூடுதலாக இருக்கிறது என்பதையும் எண்ணி எழுதுங்கள்.